ஒன்பது வருட நண்பன், ஆரணி வரன்: ஒரு நிகழ்வு ஆய்வு

நெருங்கிய நண்பனையே காதலிக்கலாமா என்ற கேள்வியோடு ஆலோசகரான என்னிடம் வருகிறவர்களுக்கு வேலூர் பக்கம் குறைவில்லை. பெரும்பாலானவர்கள் தூக்கம் வரவில்லை, தலை வலிக்கிறது, வேலையில் மனசு நிற்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டாவது சந்திப்பில் மெதுவாக விஷயம் வெளியே வரும். இந்தப் பெண் அப்படியில்லை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்: "சொன்னா ஃப்ரெண்ட்ஷிப் போயிடும் மேடம். சொல்லலைன்னா அவனே போயிடுவான். எது பரவாயில்லைன்னு நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒரு முடிவுக்கு வந்த வழி மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். ஊர், வேலை, குடும்ப விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர்கள், அதனால் அவள், அவன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பின்னணி

பெண்ணுக்கு 27 வயது. வீடு சத்துவாச்சாரியில். வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அப்பா ஓய்வு பெற்ற அரசு ஊழியர், அம்மா வீட்டில், கீழே ஒரு தம்பி. நண்பனுக்கும் அதே வயது, வீடு காட்பாடியில். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து வந்துவிடுவான், திங்கள் காலை கிளம்பிவிடுவான். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. பழக்கம் ஒன்பது வருடம்.

முதலில் அது நாலு பேர் கொண்ட கூட்டம். ஒருத்தி கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். இன்னொருவன் இங்கேயே அப்பாவின் மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்கிறான், ஞாயிற்றுக்கிழமைகூட அவனுக்கு ஓய்வு கிடையாது. மிஞ்சியது இந்த இருவர்தான்.

அவன் இவள் வீட்டுக்குள் வெகு சகஜமாக வந்து போகிறவன். தம்பிக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் இரவு துணைக்குப் படுத்தவனும் அவன்தான். அம்மா அவனைத் "தம்பி" என்று கூப்பிடுவார். அக்கம்பக்கத்தில் யாராவது ஒரு மாதிரி விசாரித்தால், "எம் புள்ள மாதிரிங்க, அவளுக்கு அண்ணன் மாதிரி" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். ஒரு பையன் ஒரு பெண்ணின் நண்பனாக வீட்டுக்குள் வந்து போக வேண்டுமென்றால் நம் ஊரில் இப்படி ஓர் உறவுமுறை போட்டால்தான் நடக்கும். நல்ல ஏற்பாடுதான், வருடக்கணக்கில் ஓடும். அது மாறுகிற நாளில்தான் அம்மா எவ்வளவு பெரிய ஜாமீன் போட்டிருக்கிறார் என்பது தெரியும்.

சாதி வேறு. இரண்டு வீட்டுக்கும் தெரியும். நட்புதானே என்று யாரும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை.

வைகாசியில் ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. பட்டுத் தறி வைத்திருக்கும் குடும்பம், மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. (வட ஆற்காடு 1989இல் பிரிந்து ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயிற்று. 2019இல் வேலூரையே மூன்றாகப் பிரித்ததில் இவள் வேலை பார்க்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் சம்பந்தம் பேசுகிறவர்கள் கையில் இருப்பது இன்னும் பழைய வட ஆற்காடு வரைபடம்தான்.) ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று ராத்திரி அவள் வழக்கம்போல நண்பனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "சரி, மாட்டிக்கிட்டான் ஒருத்தன்" என்று சிரித்தான் அவன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ ஞாயித்துக்கிழமை நான் யார் வீட்டுக்குச் சாப்பிட வர்றது?" என்றான். போனை வைத்ததும் இவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அதன்பின் சரியான தூக்கமும் இல்லை.

இப்படியொரு குழப்பம் வந்தால் இத்தனை வருடமும் அவள் யாரிடம் போய்க் கேட்டாளோ, இன்று அவனைப் பற்றித்தான் குழப்பம். வெளியாளைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம்.

முதலில் கேட்டது

இது நட்பா காதலா என்று நான் ஆரம்பிக்கவில்லை. வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். கை நீட்டுவார்களா, போனைப் பிடுங்குவார்களா, வேலையை நிறுத்துவார்களா, அவனைத் தேடிப் போவார்களா, பெரியப்பா சித்தப்பாக்களில் யார் முன்னால் நிற்பார்கள்? சாதி மாறிய எந்த ஜோடியிடமும் இதைக் கேட்காமல் பேச்சைத் தொடங்குவது ஆலோசகர் வேலையே இல்லை என்பது என் கருத்து.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தால் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி சாதி மதம் பாராமல் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. அதைப் பதிவு அலுவலகத்தில் ஒட்டுவார்கள், பார்க்கக் கூடாதவர்களும் பார்ப்பார்கள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் இருக்கிறது, அதற்கு இந்த நோட்டீஸ் கிடையாது. இவ்வளவு இருந்தும் 2011–12இல் நாடு முழுவதும் நடந்த மனித மேம்பாட்டு ஆய்வில் சாதி மாறிய கல்யாணம் நூற்றுக்குச் சுமார் 5தான்.

அவள் பதில்: "அப்பா பேச மாட்டாரு. அம்மா அழும். பெரியப்பா கத்துவாரு. அவ்ளோதான்." இந்த 'அவ்வளவுதானை' நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இதற்கு முன் குடும்பத்தில் நடந்ததா என்று கேட்டேன். நடந்திருக்கிறது. சித்தி மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டினான். ஒரு வருடம் வீட்டு வாசலில் சேர்க்கவில்லை, குழந்தை பிறந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. இனி என்ன நடக்கும் என்ற ஊகத்தைவிட ஏற்கெனவே நடந்தது நம்பகமான சாட்சி. ஆனாலும் பையனுக்குச் சலுகை காட்டிய குடும்பம் பெண்ணுக்கும் காட்டும் என்று சொல்ல முடியாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் போனில் போட்டுவைக்கச் சொல்லிவிட்டுத்தான் மேலே போனேன்.

வந்தது எப்போது?

இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தது. ஒன்று, முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போகப் போகிறோம் என்ற பயம். பயத்தில் மனசு தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதையே காதல் என்று நினைத்துக்கொள்ளும். கனடாவில் வான்கூவர் பக்கத்தில் உயரமான தொங்கு பாலத்தைக் கடந்த ஆண்களிடம் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்தி 1974இல் வெளியிட்ட சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். ஆடும் பாலத்தில் சந்தித்த பெண்ணுக்குப் பிற்பாடு போன் செய்தவர்கள், உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகம். படபடப்புக்கு உடம்பு ஒரு காரணம் தேடும், எதிரில் இருக்கும் ஆள் காரணமாகிவிடுவார். ஜாதகம் பொருந்திய வீடும் ஒரு மாதிரி தொங்கு பாலம்தான்.

இன்னொன்று, எண்ணம் ஏற்கெனவே இருந்தது, வரன் வந்ததில் வெளியே தெரிந்துவிட்டது. எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி, வரன் எதுவும் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று தேடுவது. வாட்ஸ்அப் இருக்கும் தலைமுறைக்கு அது கஷ்டமில்லை. இரண்டு வருடம் முன்பு அவனுக்கு ஆபீஸில் ஒரு பெண்ணோடு காதல் இருந்தது, ஆறேழு மாதத்தில் முடிந்துவிட்டது. அந்த மாதங்களுக்குப் போய்ப் பார் என்றேன். என் எதிரிலேயே போனைத் தள்ளிக்கொண்டே போனாள். மற்ற மாதங்களில் நீளம் நீளமாக எழுதியவள், அங்கே "ம்", "சரி", "பிஸி டா" என்று நிறுத்தியிருந்தாள். ஏன் என்று அவன் கேட்டிருக்கிறான். கம்பெனியில் ஆடிட் என்று பதில் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடிட் டிசம்பர்ல தான் நடக்கும் மேடம். இது ஜூன்."

ஆக, எண்ணம் பழையது. அது ஒன்று தெளிவாயிற்று. ஆனால் எண்ணம் உண்மையானது என்பதால் அவசரமும் உண்மை ஆகிவிடாது.

ஆரணியைத் தனியாக வை

இந்த நிகழ்வில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். அவள் மனதில் இரண்டு முடிவுகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடந்தன. நண்பன் சரி என்றால் ஆரணி வேண்டாம், இல்லை என்றால் ஆரணிக்குத் தலையாட்டிவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதில் இரண்டு பேருக்கு அநியாயம். ஆரணிப் பையன் இன்னொருவன் பதிலுக்காகக் காத்திருக்கும் மாற்று ஆள் ஆகிவிடுகிறான். நண்பனோ, தன் மனசு என்ன என்று யோசிக்கும் முன்பே அவள் கல்யாணத்தை நிறுத்தும் பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொள்கிறான். அப்படிக் கேட்கப்பட்டவன் தரும் "சரி"யில் எவ்வளவு ஆசை, எவ்வளவு பரிதாபம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சண்டை வரும்போதெல்லாம் அது மேலே வரும்.

அதனால் வரிசையை மாற்றச் சொன்னேன். முதலில் ஆரணிப் பையனை அவன் தகுதியில் வைத்துப் பார். நண்பன் என்று ஒருவன் இல்லவே இல்லை என்றாலும் இந்தப் பையனோடு வாழ விருப்பமா? அதற்குப் பதில் கிடைத்த பிறகு மற்றது. இடையில் ஆடி வந்தது நல்லதாகப் போயிற்று. ஆடியில் யாரும் சம்பந்தத்தை மேலே கொண்டுபோக மாட்டார்கள், அவசரப்படுத்தவும் மாட்டார்கள். சமூகமே கொடுக்கும் ஒரு மாத அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவானேன்?

அந்த மாதத்தில் அவள் ஆரணிப் பையனோடு இரண்டு முறை போனில் பேசினாள். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். இவளுக்கு வேலை முக்கியம். ஆடி முடியும் முன்பே அப்பாவிடம் அந்தக் காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை, பிறகு தரகரிடம் சொல்லிவிட்டார். நண்பன் பெயரே இந்தப் பேச்சில் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

தெரிந்தவனா?

ஒன்பது வருடம் பழகியவனைப் பற்றி இனிமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நிறைய இருக்கிறது. நண்பனின் குறை நமக்குக் கதை. கூட வாழ்கிறவனின் குறை நமக்குச் செலவு. அவன் நேரத்துக்கு வர மாட்டான், கேட்பவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூச்சப்படுவான், அம்மா சொன்னதை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்றையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இதே மூன்றையும் மனைவியாக உட்கார்ந்து சொல்லிப் பார் என்றேன். அம்மா விஷயத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த முறை வந்தபோது அவளே ஒன்று சொன்னாள். ஷூ கம்பெனியில் அவள் வேலை, முடிந்த ஷூக்களை ஜோடி சேர்த்துப் பார்ப்பது. ஒரே மாட்டுத் தோல்தான், ஆனால் முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், சாயத்தையும் வேறு மாதிரி குடிக்கும். "ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா ரெண்டுமே பாஸ் மேடம். பக்கத்துல பக்கத்துல வச்சு லைட்டுல பார்த்தாதான் ஷேட் மாறுறது தெரியும். நான் அவனை எப்பவும் தனியா வச்சுதான் பார்த்திருக்கேன்." இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

கல்யாணம் வரை போனால் எங்கே குடியிருப்பது, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது, அவன் அம்மாவோடு ஒரே வீடா என்ற கேள்விகளுக்கு அவளிடம் அவன் சார்பில் ஒரு பதிலும் இல்லை. ஒன்பது வருடப் பேச்சில் இவை வந்ததே இல்லை. பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. தெரியாது என்பது தெரிந்திருந்தால் சரி.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக: ஸ்டின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1,900 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் காதல் நட்பில்தான் தொடங்கியது என்றார்கள். அதில் ஒரு பகுதி மாணவர்களிடம் கேட்டபோது நட்பாக இருந்த காலம் சராசரியாக 22 மாதம் வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். காதல் கைகூடியவர்களிடம் கேட்டது அது. சொல்லிவிட்டு "இல்லை" என்று கேட்டுக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். கேட்ட இடமும் வட அமெரிக்கா. அங்கே பழகிப் பார்த்துவிட்டு விலகினால் இருவர் விலகுவார்கள். சத்துவாச்சாரியில் விலகினால் இரண்டு தெரு விலகும்.

சொன்ன விதம்

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி போகும் சமயத்தில் அவள் மனசு சொல்லிவிடுவது என்ற பக்கம் வந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். ஸ்டேட்டஸில் பாட்டுப் போடலாமா, மருந்துக்கடை நண்பனை விட்டுக் கேட்கச் சொல்லலாமா, பிறந்தநாள் பரிசில் ஒரு குறிப்பு வைக்கலாமா என்றெல்லாம் கேட்டாள். நமக்குப் பக்கத்திலேயே வள்ளிமலை இருக்கிறது. முருகன் அங்கே வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தேனும் தினைமாவும் கேட்டான், கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்தான். சாமிக்கு அது சரிப்படும். மனிதர்கள் வேஷம் போட்டால், எதிராளிக்குப் புரியவில்லையா புரியாத மாதிரி நடிக்கிறானா என்று தெரியாமல் மாதக்கணக்கில் மண்டை காய வேண்டியதுதான். குறிப்பால் கேட்டால் பதிலும் குறிப்பாகத்தான் வரும்.

நடுவில் ஆள் வேண்டாம் என்பதிலும் நான் பிடிவாதமாக இருந்தேன். மருந்துக்கடைப் பையன் இருவருக்கும் நண்பன். அவனைத் தூது அனுப்பினால், நண்பன் மறுக்கும்போது மூன்று பேருக்குள் சங்கடம்.

"இல்லை" என்றால் என்ன செய்வாய் என்று முன்கூட்டியே பேசினோம். பலரும் இதைத் தவிர்க்கிறார்கள், அபசகுனம் மாதிரி. ஆனால் மறுப்பில் நட்பு உடைவதைவிட, மறுப்புக்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்க முயல்வதில் உடைவது அதிகம் என்பது நான் பார்த்தது. இரண்டு மாதம் தள்ளி இருப்பது, அதை அவனிடம் முன்பே சொல்லிவிடுவது, அந்த நாட்களில் ஓசூர்த் தோழியிடம் பேசுவது என்று ஏற்பாடு செய்துகொண்டாள்.

இடம் எது? காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் கூடவே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். வேண்டாம் என்றேன். பதில் தெரியாமல் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இருவருக்கும் தண்டனை, இறங்கிப் போகவும் முடியாது. ஹோட்டலில் தெரிந்த முகம் வந்துவிடும். கடைசியில் கோட்டையைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன்பு. உள்ளே கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. நடக்க வருகிறவர்கள், சாமி கும்பிட வருகிறவர்கள், வெளியூர்க்காரர்கள் என்று ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நடந்துகொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் அகழியைப் பார்க்கலாம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "டேய், எனக்கு உன் மேல நட்பைத் தாண்டி ஒரு எண்ணம் இருக்கு. கொஞ்ச நாளாவே இருக்கு. நீ இப்பவே பதில் சொல்ல வேணாம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, நான் ரெண்டு மாசம் தள்ளி இருப்பேன், அப்புறம் வருவேன். ஆமான்னு சொல்றதா இருந்தா யோசிச்சு சொல்லு, ஏன்னா எங்கம்மாகிட்ட நான் சொல்லணும்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டது ஒரே கேள்வி. "ஆரணி மாப்பிள்ளைய தள்ளி விடறதுக்காகவா?"

எந்த நண்பனும் கேட்டிருப்பான். கேட்கவும் வேண்டும். "அவனை ஆடியிலயே வேணாம்னு சொல்லியாச்சு. உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று அவளால் சொல்ல முடிந்தது. அந்தப் பதில் கையில் இல்லாமல் போயிருந்தால் பேச்சு அங்கேயே வேறு திசையில் போயிருக்கும்.

அதற்குப் பிறகு

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வழக்கமான அரட்டைச் செய்திகள் வந்தன, இதைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. அவளுக்கு அதுதான் மிகவும் கஷ்டமான காலம். மூன்றாம் வாரம் வந்தான். அவனுக்கும் கல்லூரி மூன்றாம் வருடத்தில் அப்படி ஓர் எண்ணம் இருந்தது, இவள் அம்மா "தம்பி" என்று கூப்பிட்டுச் சோறு போட்டதும் அதை அமுக்கிவிட்டதாகச் சொன்னான். இப்போது இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. தை வரைக்கும் பழகிப் பார்க்கலாம், தையில் இரண்டு வீட்டிலும் பேசலாம், நடுவில் யாருக்காவது வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் காணாமல் போகக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

இந்தத் 'தை வரைக்கும்' என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வீட்டில் சொல்லாமல் ஐந்து மாதம் என்பது வேலூரில் நீண்ட காலம். கிரீன் சர்க்கிள் சிக்னலில் பைக் நிற்கும் ஒரு நிமிடத்தில் அத்தை ஒருத்தி பார்த்துவிடுவாள். அவள் ஐப்பசியிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நல்ல முடிவு.

அம்மா சாதியை எடுக்கவில்லை. "இன்னாடி சொல்ற?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர், "அப்போ இத்தினி வருஷம் என் கண்ணு எதிர்லயே நாடகம் ஆடினீங்களா?" என்றார். இதை நான் எதிர்பார்த்தேன், இருந்தாலும் இவ்வளவு கூர்மையாக வரும் என்று நினைக்கவில்லை. தெருவுக்கெல்லாம் அண்ணன் மாதிரி என்று சொல்லி வைத்தவர் அவர். இப்போது அந்தத் தெருவுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமும் பொய்யாகிவிட்டது போலத் தோன்றியிருக்கிறது. தான் போட்ட சாப்பாட்டையெல்லாம் அவன் வேறு கண்ணோடு சாப்பிட்டானோ என்று யோசித்திருக்கிறார். இதற்குச் சட்டமும் இல்லை, வாதமும் இல்லை. அவள் செய்தது சரி. அம்மா திட்டும்போது எதிர்த்துப் பேசாமல், "அப்போ இல்லம்மா, இப்போதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முழு உண்மை அதுவும் இல்லை, ஜூன் மாதத்து "ஆடிட்" நமக்குத் தெரியும். ஆனால் எதையும் மறைத்துச் செய்யவில்லை என்ற அளவில் உண்மைதான்.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னார். அப்பா மகளிடம் பேசுவதை நிறுத்தினார். பெரியப்பா ஒரு முறை வந்து கத்திவிட்டுப் போனார். கணித்தது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. கணிக்காத ஆள் மருந்துக்கடை நண்பன். தன்னிடம் கடைசியில்தான் சொன்னார்கள் என்று மனம் நொந்து, கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். இரண்டு பேர் சேரும்போது மூன்றாவது ஆளுக்கு நட்பு குறைகிறது என்பதை இருவருமே யோசித்திருக்கவில்லை. அவனை இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டாம், தனித்தனியாகப் போய்ப் பாருங்கள் என்றேன்.

யாருக்கு இது பொருந்தாது

இந்தப் பெண்ணுக்கு நடந்ததை வைத்து எல்லோரும் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடி விழும் வீடாக இருந்திருந்தால் என் வேலை முதலில் அவளுக்குத் தனி வருமானமும் தங்க ஓர் இடமும் உண்டா என்று பார்ப்பதாகத்தான் இருந்திருக்கும், காதல் அப்புறம். ஒரு முறை இல்லை என்று சொன்ன நண்பனிடம் திரும்பப் போய்க் கேட்பதை நான் ஊக்குவிப்பதில்லை. பையன்கள் கேட்டு வரும்போது இதை இன்னும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பெண் நண்பர்களின் சாதாரணப் பிரியத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆண்களிடம் அதிகம் என்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்டிருந்தாலோ, ஒரே அலுவலகத்தில் ஒருவர் மேலே ஒருவர் கீழே இருந்தாலோ, மறுப்புச் சொல்லும் சுதந்திரம் கீழே இருப்பவருக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போதைய நிலை

பொங்கலுக்கு அம்மா அவனை வீட்டுக்கு வரச் சொன்னார். அப்பா பேப்பரை மடிக்காமலே "வா" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அவன் வீட்டில் இன்னும் பேசி முடியவில்லை. அவன் அம்மாவை எதிர்த்து முதல் முறையாக ஒரு வார்த்தை பேசியிருக்கிறான், அது எங்கே போய் நிற்கும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

மாசியில் இருவரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். அவன் பெரியப்பா மகனுக்கு 80,000 ரூபாய் கொடுத்திருக்கிறான், இவளிடம் சொல்லவில்லை. கூகுள் பே சத்தம் கேட்டு அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

"நீ எப்பவும் இதுக்குச் சிரிப்பியே" என்றான் அவன்.

"அப்போ அது உன் காசு."

"இப்பவும் என் காசுதான்."

அவளை மட்டும் வைத்து ஆரம்பித்த கோப்பை அன்று மூடிவிட்டேன். காசு விஷயத்துக்கு இருவர் பெயரிலும் புதுக் கோப்பு போட்டிருக்கிறேன். அடுத்த சந்திப்புக்கு இருவரும் மூன்று மாத வரவு செலவை எழுதிக்கொண்டு வர வேண்டும்.